எப்போது திரும்புவீர்கள்?

எங்கள் பக்கத்து வீட்டு இன்பமணி அத்தை, பாளையங்கோட்டைப் பள்ளி விடுதி ஒன்றில் சமையல் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருக்கும் மகள் ரீபாவுக்கு இது தலைப்பிரசவம். விசா கிடைத்தால்தான் அத்தை அவளுடன் இருக்க முடியும்.

சென்னையில் நடக்கவிருந்த விசா நேர்காணலுக்கு நான்தான் அவரைத் தயார்செய்தேன். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வரும்.

"கர்த்தருக்குச் சித்தமானா நவம்பர்ல வந்துருவேன்."

"அத்தை, இழுத்துச் சொன்னா விசா குடுக்க மாட்டாங்க. வருவேன்னு மட்டும் சொல்லுங்க."

"ஏட்டி, நாளைக்கு நடக்கதே நம்ம கையில இல்ல. நவம்பருக்கு நான் எப்படி வாக்கு குடுக்க?"

நேர்காணலில் அதிகாரி அதையே கேட்டார். அத்தையும் அதையே சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"சித்தமில்லை என்றால்?"

"அதெப்படி? நவம்பர்ல எங்க ஊர்க் கோயில்ல அசனம். ஊரே உக்காந்து சாப்பிடும். சாம்பார் என் பொறுப்பு. போன வருசம் நான் காய்ச்சல்ல படுத்துட்டேன், உப்பை அள்ளிப் போட்டுட்டாங்க. அந்தப் பேச்சு இன்னும் ஓயல. இந்தத் தடவையும் நான் இல்லேன்னா கர்த்தரே சங்கடப்படுவாரு."

அதிகாரி சிரித்தபடி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். விசா கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும் போனில் எனக்கு இதையெல்லாம் சொன்ன அத்தை, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"விசா கிடைச்சத ரீபாகிட்ட நீ முந்திக்கிட்டுச் சொல்லிராத. நானே சொல்லுதேன்."