அரைக் கட்டை இறங்கிய பிற்பகல்

சனிக்கிழமை காலை 10.40. லண்டன் தோர்ண்டன் ஹீத் ரயில் நிலையத்தில் சிவா எனக்கும் சேர்த்து இரண்டு தேநீருடன் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பவர். அன்று கேம்டனில் உள்ள ஓர் அரங்கில் அவருக்கு வேலை. பத்திரிகைக்கு எழுத நானும் கூடப் போனேன். இத்தாலியின் போலோஞ்ஞா நகரத்துக் குழுவான 'ட்ரேனி வுவோட்டி' பிற்பகல் மூன்று மணிக்கு வாசிக்கிறது. குழுவின் பெயருக்குக் காலி ரயில்கள் என்று பொருள். நுழைவுச்சீட்டு 24 பவுண்டு.

எங்கள் ரயில் காலியாக இல்லை. விக்டோரியா வரை நின்றுகொண்டே போனோம். வழியில் சிவா குழுவின் கதையைச் சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்லூரி நண்பர்கள் நால்வர் கிட்டார், சின்தசைசர், தாளப்பெட்டியுடன் நியூ வேவ் இசையில் இறங்கினார்கள். இத்தாலியனில் இரண்டு இசைத்தட்டுகள், இரண்டும் வெற்றி. மூன்றாவதை ஆங்கிலத்தில் பாடச் சொன்னது நிறுவனம். அது விற்கவில்லை, குழு கலைந்தது. பாடகி லாவ்ரா இருபது வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். பிறகு மீண்டும் கூடினார்கள்.

"அவையின்ரை முதல் ஹிட் பாட்டிலை ஒரு உச்சம் இருக்கு," என்றார் சிவா. "இண்டைக்கு அது வராட்டி இதோடை பாட்டை விடுறன் எண்டு சொல்லிப்போட்டா லாவ்ரா."

12.15. ஒத்திகை. சுருதி பார்க்க இவர்களிடம் தனிக் கருவி கிடையாது. புரூனோவின் பழைய சின்தசைசர் எந்தச் சுருதியில் நிற்கிறதோ அதற்கே எல்லோரும் சேர்த்துக்கொள்வார்கள். முதல் நாளிலிருந்து அதுதான் வழக்கம். லாவ்ரா காப்பி குடிக்க வெளியே போனார். புரூனோ சின்தசைசரின் பக்கவாட்டில் இருந்த சுருதிக் குமிழைத் திருகினார். கிட்டார்காரர்கள் இருவரும் அதற்கேற்பத் தந்திகளைத் தளர்த்தினார்கள்.

"என்ன செய்றாங்க?" என்றேன்.

"உச்சம் சுகமா எட்டட்டும் எண்டு சுருதியை அரைக் கட்டை இறக்கிப்போட்டினம். வாய் திறந்திடாதேங்கோ தம்பி. பேப்பர்காரர் எண்டாலே எனக்குப் பயம்."

நம் ஊர்க் கச்சேரிகளில் வயது ஏறினால் பாடகரே சுருதியைக் குறைத்துக்கொள்வார். அதில் ஒளிவுமறைவு இல்லை. இங்கே பாடகிக்குத் தெரியாமல் மூன்று ஆண்கள் அதைச் செய்தார்கள்.

3.00. நானூறு பேர் கொள்ளும் அரங்கு நிரம்பியிருந்தது. தேவைக்கு மேல் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காத குழு. அறுபதைத் தாண்டிய லாவ்ரா, கோட்டுப் பைகளில் கைகளை விட்டபடி அசையாமல் பாடினார். கூட்டம் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டுப் பாடல்கள் முடிந்தன. ஒன்பதாவது, அந்தப் பாட்டு.

தொடங்குமுன் லாவ்ரா சின்தசைசரிடம் நடந்து போய்க் குமிழைப் பழைய இடத்துக்குத் திருகினார். இதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கிட்டார்காரர்கள் குனிந்து தந்திகளை முறுக்கினார்கள்.

"ஐயோ, எட்டுப் பாட்டும் தெரிஞ்சுகொண்டுதான் பாடினவ," என்றார் சிவா.

உச்சம் வந்தது. இசைத்தட்டில் உள்ளதுபோல் வழுவழுப்பாக அல்ல. கரகரத்து, ஒரு கணம் நடுங்கி, பிறகு நான்கு தாள அடிகளுக்கும் முழுதாக நின்றது.

4.50. பின்வாசலில் வேனில் சாமான் ஏற்றினார்கள். புரூனோ தலை நிமிரவில்லை. சிவாவுக்கும் புரியட்டும் என்று லாவ்ரா அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "அடுத்த தடவை என்னைக் கேட்டுவிட்டு இறக்கு."

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. "அடுத்த தடவையாம்!" என்றார் சிவா. தோர்ண்டன் ஹீத் வருவதற்குள் அதை மூன்று முறை சொல்லிவிட்டார்.