மெருகக்கா போட்ட கோடு

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மாதிரித் துண்டைத் துடைத்து, விளக்கில் சாய்த்துப் பார்த்து, "இது இன்னும் மூஞ்சி கழுவல" என்று மறுபடி உப்புத்தாளில் தேய்க்கிறார் மெருகக்கா. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக், நகமளவுதான். அது பளபளக்கும்வரை தேய்த்து நுண்ணோக்கிக்குத் தருவது எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை. உப்புத்தாளின் நம்பரைப் பார்க்க மாட்டார். கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆள் இல்லாத நேரத்தில் நானும் தடவிப் பார்த்தேன். விரல்தான் எரிந்தது.

"எனக்குத் தெரியாம எங்க வீட்ல ஒரு டம்ளர்கூட விரிசல் விடாது" என்று பெருமையடிப்பார். மாமியார் ஒளித்துவைத்ததையும் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்தாராம்.

என் வேலை கணினியில். நுண்ணோக்கிப் படத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு கட்டம் எடுத்து, அதற்குள் இழைகள் எப்படி இழுபடும் என்று கணக்குப் போட்டு, அதே பிளாஸ்டிக்கில் காற்றாலை இறக்கைக்காகச் செய்த முழுப் பலகையும் எங்கே உடையும் என்று சொல்ல வேண்டும். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"நல்ல இடமாப் பாத்து எடுத்திருக்கீங்க தம்பி. கல்யாண ஆல்பம் மாதிரி எல்லாரும் சிரிக்கிறாங்க. வீட்டுச் சண்டை இதுல எங்க தெரியும்?"

எரிச்சலாக வந்தது. துறைத் தலைவர் என் மேசையைத் தாண்டிப்போய், "எங்க உடையும்னு நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று அவரிடம் கேட்டபோது வயிறே எரிந்தது. அக்கா பலகையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். காற்றுக் குமிழிகள் கூடியிருந்த இடத்தில் பென்சிலால் அழுத்தி ஒரு கோடு போட்டார்.

"இங்கதான் சார்."

கணக்குப் போட்டு நான் சொன்ன இடத்துக்கு நாலு விரல் தள்ளி. என் கணக்கு சரியாக வந்தால்தான் அடுத்த ஆண்டும் இந்தத் திட்டம் என் கையில் இருக்கும்.

பொறாமைதான், மறைப்பானேன்? பலகையை இழுத்து உடைத்துப் பார்க்கும் இயந்திரத்துக்கு எடுத்துப் போனவன் நான். வழியிலேயே அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தேன். கோடு இல்லாவிட்டால், எந்த இடம் என்று யார் சத்தியம் பண்ணப்போகிறார்கள்?

பலகை டப்பென்று உடைந்தது. நான் சொன்ன இடம் அலுங்காமல் இருந்தது.

"உங்க கோடு எங்கம்மா இருந்துச்சு?" என்றார் தலைவர்.

அக்கா உடைந்த ஓரத்தைக் குனிந்து பார்த்தார். அதில் சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு தீற்றல் இருந்தது. பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"சரியா ஞாபகம் இல்ல சார்" என்றார்.

தலைவர் திரும்பியதும், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்து என்னிடம் நீட்டினார்.