கரண்ட் போன வியாழக்கிழமைகள்

போன வியாழக்கிழமை மதியம் தொப்பூர் மேட்டில் ஒரு சாலையோர ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் டம்ளரில் சாய்த்துவைத்த கைப்பேசியில், நான் முன்பு வேலைபார்த்த மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சைத் துறைக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் ஆய்வுரைகளை இப்படித்தான் கேட்கிறோம், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில். திடீரென்று கரண்ட் போயிற்று. தலைக்கு மேல் ஃபேன் சுற்றுக்குச் சுற்று களைத்து, நின்றது. நின்ற பிறகு ஓர் அமைதி வருமே, அதற்குள் நான் பல வருஷம் பின்னால் போய் விழுந்தேன்.

மின்வெட்டுக் காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வாரக் கூட்டம் வியாழன் பிற்பகல். மின்வெட்டும் பெரும்பாலும் அதே நேரம். ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மட்டும். கூட்ட அறைக்கு இல்லை, அது நியாயம்தான். நேரத்தை மாற்றலாமே என்று கேட்டால் எங்கள் துறைத் தலைவர் சிரிப்பார். அந்த அம்மாவை நாங்கள் ‘சீஃப்’ என்றே அழைப்போம். “ஸ்லைடு போனதுக்கு அப்புறமும் எவன் பேசறானோ, அவன்தான் படிச்சிட்டு வந்திருக்கான்” என்பார். ஆகவே வெளிச்சம் போனாலும் பேச்சு நிற்கக் கூடாது என்பது துறையின் எழுதாத விதி.

வெயிலுக்காகக் கனத்த பச்சைத் திரைகளை இழுத்துவிட்டிருப்போம். கரண்ட் போனால் அசல் இருட்டு. புரொஜெக்டர் ஆறும்போது கிளம்பும் சூடான தூசி வாசனை, யாருடைய கோட்டிலிருந்தோ வரும் ஸ்பிரிட் வாசனை, பின்னால் செய்தித்தாளுக்குள் காத்திருக்கும் போண்டா வாசனை. அன்றைக்குப் பேசுகிறவர்தான் போண்டா வாங்கிவர வேண்டும். யார் எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதை மறந்தவர்கள் உண்டு. யாருடைய போண்டா நன்றாக இருந்தது என்பதை எவரும் மறக்கவில்லை. நான் அதைத் தேதியோடு சொல்வேன் என்பதால் எனக்குக் ‘காலண்டர்’ என்று பெயர். லேப்டாப்பில் ஸ்லைடு தள்ளுவது இளைய டாக்டரான என் வேலை. இருட்டு வந்தால் அந்த வேலையும் இல்லை. குடல் அடைப்பும் தைராய்டு கட்டியும் குரல்களாக மட்டும் மிதந்துவர, பாதித் தூக்கத்தில் எவ்வளவோ மருத்துவம் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த நோயாளியைக் கடைசியில் அறைக்கு அழைத்துவருவார்கள். முடிவை சீஃப் அவரிடமே சொல்வார். அதுவரை அவர் தாழ்வாரத்தில் காத்திருப்பார்.

அன்று, தீபாவளிக்கு முந்தைய வியாழன், பேசியவன் மேற்படிப்பு மாணவன் இளங்கோ. நோயாளி மாதையன், நல்லம்பள்ளிப் பக்கத்து லாரி டிரைவர். இதே தொப்பூர்க் கணவாயில் வண்டி கவிழ்ந்து இடது கால் நசுங்கியிருந்தது. ரத்தக் குழாயைத் தைத்துக் காலைக் காப்பாற்றியிருந்தோம். ஆனால் வாரங்கள் ஆகியும் புண் ஆறவில்லை. விரல்கள் கறுத்துக்கொண்டே வந்தன. பாதத்துக்கு ரத்தம் போகவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்பது இளங்கோவின் முடிவு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. அவன் நிறுத்தவில்லை. இருட்டுக்குள் எலும்பை எந்த இடத்தில் அறுப்பது என்று விவாதம் தொடர்ந்தது. தாழ்வாரத்துப் புழுக்கம் தாங்காமல் ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியை முன்னதாகவே உள்ளே தள்ளிவந்து பின்சுவரோரம் நிறுத்தியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

“ஏனுங்க, கால எடுத்துட்டா கிளட்ச எதுல மிதிக்கறதுங்க?”

யாரோ சிரித்தார்கள். மாணவர்களில் ஒருவன் விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

“யாருப்பா அது?” என்றான் இளங்கோ.

“நாந்தானுங்க. அந்தக் கால்காரன்.”

சிரிப்பு நின்றது. நாங்கள் பேசியதில் பாதி ஆங்கிலம். ஆனால் லாரிக்காரருக்கு, காலை எடுப்பதற்கான ‘ஆம்புடேஷன்’ என்ற சொல் தெரியாமல் இருக்குமா?

“சும்மா இருங்களேன், டாக்டருங்க பேசிட்டிருக்காங்க” என்று ஒரு பெண் குரல். அவருடைய மனைவி ராணி.

“பேசறது எங்காலப் பத்தித்தான புள்ள.”

சீஃப் எழுந்திருக்கும் நாற்காலிச் சத்தம் கேட்டது. “முன்னால கூட்டிட்டு வாங்க. இளங்கோ, பாதத்துல டாப்ளர் வச்சு எங்க கேட்ட?”

“வார்டுலதான் மேடம். பக்கத்து பெட்டுல சக்‌ஷன் மெஷின் ஓடிட்டிருந்துச்சு. மூணு தடவ வச்சேன், ஒண்ணும் கேக்கல.”

“இப்ப ஃபேன்கூட ஓடல. எடு.”

டாப்ளர் என்பது பேனா மாதிரி ஒன்று, தோலில் வைத்தால் உள்ளே ஓடும் ரத்தத்தைச் சத்தமாக்கித் தரும், பேட்டரியில் ஓடுவது. இரண்டு கைப்பேசி வெளிச்சத்தில் இளங்கோ தரையில் மண்டியிட்டான். முதலில் வெறும் இரைச்சல். முனையை நகர்த்தினான். இரைச்சல். கணுக்காலுக்குப் பின்னால் ஓரிடத்தில் அது வந்தது. தூரத்தில் யாரோ ஈரத் துணியை மெல்ல உதறுவதுபோல: உஷ்ஷ். பிறகு இல்லை. பிறகு மறுபடி, உஷ்ஷ், உஷ்ஷ். நாங்கள் அத்தனை பேரும் இருட்டில் ஒரு மனிதனின் பாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். காலண்டருக்கும் தெரியாத நேரம் அது.

“அது எங்காலுங்களா?” என்றார் மாதையன்.

“உங்க கால்தான்” என்றான் இளங்கோ.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. புரொஜெக்டர் விழித்து, விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. சுவர் உயரத்துக்கு அவருடைய கால். முழங்காலுக்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு. ராணி வாயைப் பொத்திக்கொண்டார். நான் லேப்டாப்பை அடித்து மூடினேன்.

மாதையன் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கோடு நல்லா நேராத்தான் போட்டிருக்கீங்க” என்றார்.

இளங்கோவுக்குக் கண் கலங்கிவிட்டது. சீஃப் நாற்காலியை இழுத்து மாதையன் எதிரே உட்கார்ந்தார். “பாதம் நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். விரல் போகும். ஆனா இந்தச் சத்தம் கேட்ட அப்புறம் அந்தக் கோட்ட இப்பப் போட மாட்டேன். பாத்துட்டுப் போடலாம்.”

அன்று போண்டாவை முதலில் எடுத்துக்கொண்டவர் மாதையன். “உப்பு கம்மிங்க” என்றார்.

இரண்டு விரல்கள் போயின. தொடைத் தோலை எடுத்துப் புண்ணில் ஒட்டினோம். மாசி பிறந்தபோது ராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் பாதத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். மறு வருஷம் ஆடியில் ஒரு போன்: “கிளட்சு கொஞ்சம் இறுக்கமாத்தானுங்க இருக்குது. பழகிடும்.” பின்னணியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அந்த எண் மாறிவிட்டது.

சீஃப் இப்போது இல்லை. கூட்ட அறைக்கு ஜெனரேட்டர் வந்தது, ஏசி வந்தது, அதன் இரைச்சலும் வந்தது. நோயாளியை யாரும் உள்ளே அழைப்பதில்லை. முகத்தை மறைத்த படங்களைக் காட்டுகிறார்கள். அது முறையானதுதான், நானே அதற்காக வாதாடியிருக்கிறேன்.

ஓட்டலில் கரண்ட் இன்னும் வரவில்லை. கைப்பேசியில் கடைசி ஸ்லைடு நின்றிருந்தது, மார்பு மட்டும் தெரிகிற யாரோ ஒருவரின் படம். கேள்விகள் உண்டா என்று கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் மியூட்டில் இருந்தோம். வெளியே மேட்டில் ஒரு லாரி திணறி நின்று, கிளட்ச் மிதிபட, கியர் மாறி மெல்ல ஏறியது. சத்தம் ஓயும்வரை மோரில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.