காடைக்குப் போட்ட டைல்ஸ்

நான் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் புரோட்டா அடிக்கிறவன். அப்படிப்பட்டவன் காடை வளர்க்கப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? ஓட்டலுக்குக் காடை முட்டை கொண்டுவரும் ஆளிடம் சொல்லிவைத்து, ஆறு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கிவந்தேன். வீட்டுக்கார மலையாளச் சேச்சி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எடா, இது வளர்த்தானோ, பொரிக்கானோ?"

"வளர்க்கத்தான் சேச்சி. பொரிக்கணும்னா எங்க அத்தான் தொடை ஒண்ணே போதுமே."

அத்தான் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அக்காவைக் கட்டியவர், அவர்கள் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். நாகர்கோவில் பக்கமிருந்து டைல்ஸ் வேலைக்கு இங்கே வந்தவர். ஊரில் பாதி ஃபிளாட்டுக்குத் தரை போட்டது தான்தான் என்பார். மீதிப் பாதியைப் பார்த்தால், "எவன்லே இத ஒட்டுனான்?" என்பார்.

குஞ்சுகளுக்கு வீடு கட்டித் தருவதாக அவராகவே சொன்னார். துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் செங்கல் சுவர் எழும்பியது. எலி நுழையாதபடி முன்பக்கம் பொடிக்கண் கம்பிவலை. மேலே தகரம் போடும்போது மட்டும் நான் மறித்தேன். காடை பயந்தால் நேராக மேலே எழும்பும், மண்டை உடையும் என்று முட்டைக்காரர் சொல்லியிருந்தார்.

"அப்ப ஹெல்மெட் வாங்கிக் குடு மாப்ளே" என்றார் அத்தான். ஆனாலும் தகரத்துக்குக் கீழே மீன்வலையைத் தொளதொளவென்று கட்டினார்.

தரையில்தான் அவர் மனசு முழுக்க இருந்தது. மிச்சம் வந்த பளபளக்கும் டைல்ஸை வெட்டி, இடைவெளி தெரியாமல் ஒட்டினார். "தண்ணி அடிச்சுவிட்டா போதும். நாத்தமே வராது, கேட்டியா?"

"என்றெ அடுக்களையில் போலும் இத்ர நல்ல டைல் இல்லல்லோ!" என்றார் சேச்சி. அத்தானின் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

குஞ்சுகளை உள்ளே விட்டோம். ஐந்து எப்படியோ சமாளித்தன. ஆகச் சின்னதுக்கு மட்டும் கால் நிற்கவில்லை. இரண்டு காலும் ஆளுக்கொரு பக்கமாக விரிந்து, வயிறு தரையில் பட நீந்தியது. செய்தித்தாள் விரித்தேன், தாளோடு சேர்ந்து வழுக்கியது. சாக்கு போட்டேன்; இன்னொரு குஞ்சின் விரலில் நூல் சுற்றிக்கொண்டது. மரக்கடையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்தேன். ஒரே பசை வாடை, தூசி. குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டு தும்மின. அள்ளிக் கொட்டிவிட்டு முட்டைக்காரருக்குப் போன் செய்தேன்.

கால் இப்படியே முற்றிவிட்டால் தீனிக்கும் தண்ணீருக்கும் போகமுடியாமல் செத்துவிடும் என்றார். காலைச் சேர்த்துக் கட்டவேண்டும். சொரசொரப்பான தரை வேண்டும், அதன்மேல் உமி.

அக்கா காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை மெலிசாக வெட்டி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, இரண்டு காலையும் இணைத்தாள். அட்டைப்பெட்டியில் ரப்பர் பாய் விரித்து, பல்பு மாட்டி, சின்னதைத் தனியாக வைத்தாள். மற்றவற்றுக்கு நான் உமி வாங்கிவந்து டைல்ஸ்மேல் கொட்டினேன். குஞ்சுகள் ஓடியதில் உமி ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் டைல்ஸ் மறுபடியும் பளபளத்தது. மழைச்சாரல் வேறு அடியில் தேங்கி நின்றது.

அத்தானிடம் எதையும் சொல்லிவிடுகிற எனக்கு, அந்தத் தரை ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு ஃபிளாட்டில் ஒரே ஒரு டைலை மாற்றச் சொன்னதற்கு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்த மனிதர் அவர். அக்காதான் சொன்னாள்.

"ஏங்க, அந்தத் தரையில அது நிக்காது."

மறுநாள் காலையில் அத்தான் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். உள்ளங்கையை டைல்ஸ்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார்.

"தள்ளி நில்லுலே, கண்ணுல தெறிக்கும்."

"விடுங்க அத்தான், மேல ஏதாவது பாய் போட்டுக்கிடலாம்."

"மிண்டாம, சத்தங்காட்டாம இரி. மனுசன் வழுக்கி விழுந்தா எந்திரிச்சு வந்து என்னைய ஏசுவான். இது என்ன செய்யும்?"

மற்ற குஞ்சுகளை நான் வேறொரு பெட்டிக்கு மாற்றினேன். அவர் ஒட்டியதை எல்லாம் உடைத்தெடுத்தார். தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவாகச் சிமெண்ட் பூசி, ஈரம் காயுமுன் துடைப்பத்தால் கோடு கோடாகக் கீறினார். அது இறுகிக் காய்ந்தபின் நான் உமியைக் கனமாகப் பரப்பினேன். சொன்ன பேச்சுக் கேட்டு உமி அங்கேயே கிடந்தது.

சில நாள் கழித்து அக்கா பிளாஸ்டரை நனைத்துக் கழற்றி, சின்னதை உமிமேல் விட்டாள். அத்தானும் நானும் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தோம். ஆடியது. நின்றது. ஒரு அடி வைத்தது. அப்புறம், குஞ்சு மூழ்காதபடி கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டைப் பார்த்து ஒரே ஓட்டம்.

அத்தானுக்கும் எனக்கும் நடுவில் நன்றி என்ற சொல் புழங்கியதே இல்லை. சொன்னால், "காய்ச்சலா, லே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"அத்தான், இது சிமெண்டுப் பூச்சா, தேங்காத் துருவியா?"

"சும்மா இரு மாப்ளே" என்றார், திரும்பாமலே. "அது குடிக்கட்டு."

குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.