நோண்டி அக்கா கையெழுத்து போடல

எங்க மருந்துக் கிடங்குல அவங்களுக்கு நோண்டி அக்கான்னு பேரு. வேலைக்கு வர்றவங்க சொல்றதெல்லாம் நிஜமான்னு விசாரிக்கிறதுதான் அவங்க வேலை. விசாரிப்பாங்க, அப்புறம் விசாரிச்சதையும் விசாரிப்பாங்க. காதுல எப்பவும் போன், மேஜைக்கடியில கழட்டிப் போட்ட செருப்பு. இப்ப நினைச்சா சிரிப்பு வருது. முதல் நாள் எனக்கு அழுகைதான் வந்துது.

பழைய கிடங்குல எங்க பகுதியை மூடிட்டதால நாலு மாசமா எனக்கு வேலை இல்ல. இங்க சாவிப் பொறுப்புக்கு ஆள் எடுக்கறாங்கன்னு ஓடி வந்தேன். தூக்க ஊசி, வலி மருந்தெல்லாம் பூட்டி வெச்சிருக்கிற அறையோட சாவி அது. சாவி தப்பான ஆள்கிட்ட போனா ஊருக்கே ஆபத்து. எனக்கு எதிர்ல இன்னொருத்தர், பெரிய மீசை, ஜம்முனு கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தாரு.

மேனேஜர் எங்க ரெண்டு பேர் அனுபவக் கடிதத்தையும் தூக்கிக்கிட்டு அக்கா மேஜைக்கு வந்தாரு. ஒரே கிடங்கு, ஒரே ஊழியர் எண், நாற்பத்தேழு! நகல் கடையில ஒரு பிரதியை மறந்துட்டு வந்த மகராசி நான்தான். அதை எடுத்து மீசைக்காரன் தன் பேரைப் போட்டுக்கிட்டிருக்கான்.

"அக்கா, மீசைக்காரர் இதைக் காட்டி ரெண்டு இடத்துல வேலை பாத்திருக்காரு. அவங்க விசாரிக்காமலா எடுத்திருப்பாங்க? இந்தம்மாதான் போலி. சாயங்காலத்துக்குள்ள சாவி குடுத்தாகணும், கையெழுத்து போடுங்க."

எனக்கு வந்துச்சே கோபம்! ஆறு வருஷம் ஒரு மாத்திரை குறையாம பாத்துக்கிட்டவ நான். "யாருங்க போலி?"ன்னு எழுந்துட்டேன்.

"உக்காரும்மா"ன்னாங்க அக்கா. அப்புறம் மேனேஜரைப் பாத்து, "அவங்களும் உங்கள மாதிரியே அவசரத்துல இருந்திருந்தா, தம்பி?"

மீசைக்காரர் கடிதத்துல பழைய மேலாளர்னு ஒரு போன் நம்பர் இருந்துது. அக்கா நிதானமா அதை அழுத்தினாங்க. அவர் சட்டைப் பையில போன் அலறுச்சு! அந்த ரெண்டு இடத்துலயும் ஒருத்தர்கூட அந்த நம்பருக்குப் பேசினதில்ல போல, மனுஷன் அதை அணைச்சுக்கூட வைக்கல. "இதோ பேசிட்டு வரேன்"னு வெளியில போனவரு போனவருதான். மேனேஜர் மூஞ்சியைப் பாக்கணுமே!

நான் சிரிச்சுக்கிட்டே சாவிக்குக் கை நீட்டினேன்.

"அவன் பொய்யின்னா நீ நிஜம்னு ஆயிடுமா?"ன்னுட்டாங்க அக்கா.

என் கடிதத்துல இருந்த நம்பரை விட்டுட்டு, என் பழைய கிடங்குலேர்ந்து வந்த மருந்துப் பெட்டி மேல அச்சடிச்சிருந்த நம்பரைப் பாத்து அங்க பேசினாங்க. "நாற்பத்தேழா? எங்க வாயாடிங்க அது!"ன்னு அந்தப் பக்கம் சிரிச்சது எனக்கே கேட்டுது. அப்பவும் கையெழுத்து இல்ல. "நாளைக்கு வீட்டுக்கு வரேன்"னாங்க.

மூணு மாடி ஏறி, மூச்சு வாங்க வந்தாங்க. வந்தவங்க என் கதவைத் தட்டல, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாங்க! துணி காயப்போடற கயிறு யாருதுன்னு சண்டை போட்டு, அந்தம்மாவோட எனக்கு ரெண்டு வருஷமா பேச்சே கிடையாது. போச்சுடா, கிடைச்ச வேலையும் போச்சுன்னு கதவுக்குப் பின்னால நின்னேன்.

"அவளா? வாயைத் திறந்தா மூட மாட்டா. பொல்லாத கோபக்காரி"ன்னு ஆரம்பிச்சாங்க அந்தம்மா. "போன மாசம் என் தங்க வளையல் மாடியில விழுந்துடுச்சு. எனக்கே தெரியாது. அவதான் எடுத்துட்டு வந்து கதவைத் தட்டி, கையில வெச்சுட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனா. எழுதிக்கோங்க, அவ கை சுத்தம்."

அக்கா அங்கயே நின்னு கையெழுத்து போட்டாங்க. நான் ஓடிப்போய் எதிர்வீட்டம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

"விடுடி! கயிறு என்னுதுதான்"னாங்க.