அத்தானுக்கு இரண்டு ஊர்

என் அக்கா வள்ளியம்மையின் வீட்டுக்காரர் பஞ்சநதம் அத்தான் வாயைத் திறந்தால் சிங்கப்பூர்தான் வரும். திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் எங்கள் ஊர். பஸ் தாமதமாக வந்தால், "சிங்கப்பூர்ல இப்படியா?" என்பார். குழாயில் கலங்கல் தண்ணீர் வந்தாலும் அதே பாட்டு. கொழுந்தியாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் அத்தான், சிங்கப்பூர்ல கொசு மன்னிப்பு கேட்டுட்டுத்தான் கடிக்குமோ?" என்று ஒரு நாள் கேட்டேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அங்க கொசுவே கிடையாது ஷோபனா" என்றார், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

அவர் சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணமான மறுவருஷமே கப்பல் கட்டும் வேலைக்கு அங்கே போனவர். ஒரு முறை சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். விழுந்த இடத்துக்கே ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. "என் பேரைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாத நர்ஸ், பெத்த புள்ளை மாதிரி பார்த்துக்கிட்டா" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். உயிரைத் திருப்பிக் கொடுத்த ஊரை எப்படி மறப்பார்?

ஆனால் எங்கள் ஊரை அவர் லீவில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். லீவில் வருகிறவருக்குக் குண்டும் குழியும்தான் கண்ணில் படும். இங்கே பிள்ளைகளை வளர்த்தது அக்கா. சாலையோரம் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மகன் இளஞ்செழியன் பிறந்தான். அவனை நாய் கடித்தபோது ஊசி போட்டதும், அக்காவுக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது குளுக்கோஸ் ஏற்றியதும் அங்கேதான். அங்கிருக்கும் நர்சம்மா அக்காவை "வள்ளி" என்றுதான் கூப்பிடுவார். இதில் எதையும் அத்தான் பார்த்ததில்லை. இரண்டு ஊரையும் வாய் ஓயாமல் ஒப்பிட்ட மனிதர் ஒரு ஊரில்தான் வாழ்ந்திருந்தார்.

வேலையை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்ததும் அக்காவைத் தரையில் விடவில்லை. குழாய்க்கு வடிகட்டி மாட்டினார், கார் வாங்கினார். "நான் இல்லாதப்போ கியூவுல நின்னதெல்லாம் போதும், இனிமே நீ எங்கயும் நிக்கப்படாது" என்பார். இடுப்பு வலிக்காகத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, "கண்ணாடிக் கதவு தானா திறக்குது வள்ளி! அப்படியே சிங்கப்பூர்! உனக்கு ஒண்ணுன்னா அங்கதான்" என்றார்.

தை மாதம், சம்பா அறுவடை முடிந்த சமயம். பொழுது சாயும் நேரத்தில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன அக்கா அலறினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வைக்கோல் போருக்கடியில் நல்ல பாம்பு நுழைந்துகொண்டிருந்தது. அக்காவின் புறங்கையில் பல் பட்டிருந்தது.

அத்தான் காரை எடுத்தார். அக்காவை மடியில் சாய்த்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன்.

"நம்ம ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்ங்க. அங்க ஊசி இருக்கு. நடவுக்கு வந்த பொண்ணு அம்சத்தைப் பாம்பு கடிச்சப்போ அங்கதான் போட்டாங்க" என்றாள் அக்கா.

"அங்க என்ன இருக்கு? ரெண்டு பெஞ்சும் ஒரு ஃபேனும். உன்னை அங்கயா கொண்டுபோய்ப் போடுவேன்? பேசாம வா."

"அத்தான், அக்கா சொல்றதைக் கேளுங்க" என்று நானும் கத்தினேன்.

"விளையாடாத ஷோபனா!"

கேலி பேசியே பழகிய வாய். அன்று நிஜத்தைச் சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. சுகாதார நிலையத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நர்சம்மாவின் ஸ்கூட்டர் நின்றது. அதைக் கடந்தபோது அக்கா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

மன்னார்குடி தாண்டுவதற்குள் அவளுக்கு இமை சொருக ஆரம்பித்தது. "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடி" என்றாள். பிறகு நாக்குக் குழறியது. "இதோ வந்துட்டோம் வள்ளி, இதோ வந்துட்டோம்" என்று அழுதுகொண்டே ஓட்டினார் அத்தான். தஞ்சாவூருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே காத்திருந்தபோதுதான் என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி தளர்ந்தது.

கண்ணாடிக் கதவு தானாகத்தான் திறந்தது. டாக்டர் அக்காவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "வர்ற வழியில எங்கயும் ஊசி போடலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவரைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. வெறுப்பில் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். ஆசையில் செய்ததை என்ன சொல்லித் திட்டுவது? என் அக்காவுக்கு உசத்தியான இடம் வேண்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். அந்த நினைப்பில் அவள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள் அதிராம்பட்டினத்திலிருந்து அஹமது கபீர் பாய் துக்கம் கேட்க வந்தார். சிங்கப்பூரில் அத்தானோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்:

"நம்ம நாட்டு லட்சணம் இதுதான் தம்பி. தங்கச்சி சிங்கப்பூர்ல இருந்திருந்தா பொழைச்சிருக்கும்."

இத்தனை வருஷமாக அத்தான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைதான். அவர் தலையை ஆட்டுவார் என்று நினைத்தேன்.

"இல்ல பாய்" என்றார். "நான் சிங்கப்பூர்ல இருந்திருந்தா பொழைச்சிருப்பா."

வாயாடி என்று பேரெடுத்த நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.