எட்டு விநாடிக்குள் ஒரு பூக்கடைக்காரர்

இரண்டு தொடைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வலது தொடையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் பூக்கடைக்காரர். “போன வாரம்தான் உன்னைக் குத்தினேன், தெரியும். வயித்துல இடமில்ல. கோச்சுக்காத.” தொடை பதில் சொல்வதில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொள்கிறார். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழரை மணிக்கு இந்தப் பேச்சுவார்த்தை நடக்கும். ஊசிப் பெட்டி இருப்பது கடையின் குளிர் அறையில், ரோஜா வாளிக்கும் மலர்வளையங்களுக்கும் நடுவில். அரை மணி முன்னதாகவே ஓர் ஊசியை எடுத்து, குளிர் விடுவதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் ரசீதில் கையெழுத்துக் கேட்ட வாடிக்கையாளர் அம்மாளிடம் பேனா என்று அதை எடுத்து நீட்டிவிட்டார். அந்த அம்மாள் இப்போது அடுத்த தெருவில் பூ வாங்குகிறார்.

அவருக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சொல்லும்போதே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் பெயர். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே திருடன் என்று தப்பாக நினைத்து நரம்பின் மேலுறையைக் கடித்து வைப்பார்கள். மூளை போடுகிற உத்தரவு காலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியில் ஒழுகிவிடும். பூக்கடைக்காரர் இவ்வளவு நீட்டிச் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால், “வீட்டோட மாப்பிள்ளை” என்பார். “வந்தாச்சு, இனிப் போக மாட்டார். நேரத்துக்குத் தூங்க வைக்கணும், சாப்பாடு பாத்துப் போடணும், வெயில் ஆகாது. எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார்னு யாருக்கும் தெரியாது. நாமதான் பக்குவமா நடந்துக்கணும்.” இதைச் சொல்கிறவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

இடது பாதம் அவ்வளவாகச் செய்தி அனுப்பாது. ஒற்றைச் செருப்போடு கடைக்கு வந்து, “கால் ஒண்ணும் சொல்லலயே” என்று அதன் மேலேயே பழி போடுவார். ஒரு தடவை சின்னப் பூ வாளிக்குள் இடது காலை விட்டது தெரியாமல் தபால் நிலையம் வரைக்கும் நடந்துவிட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்தான், “சார், உங்க வாளி என் காலை மிதிக்குது” என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். இதில் நான் ஒரு சொல் கூட்டியிருந்தால் வேறொரு இடத்தில் இரண்டு சொல் குறைத்தும் இருக்கிறேன்.

நோய் என்று தெரிந்த நாளிலிருந்து பூ வாங்க வருகிற எல்லாரும் வைத்தியர்கள். ஒருவர் பச்சைக் காய்கறி மட்டும் தின்னச் சொன்னார். இன்னொருவர் ஒட்டகப் பால் குடிக்கச் சொல்லி, ஒட்டகம் எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் போனார். இவரும் யார் மனதையும் நோகடிக்கக்கூடாது என்று மூன்று வாரம் உப்பில்லாத அவியலாகத் தின்று பார்த்தார். அந்த மூன்று வாரமும் அவர் முகத்தைப் பார்த்தே ரோஜாக்கள் வாடின. கடைசியில் எல்லா யோசனைகளையும் நாலு பக்கத்துக்கு எழுதி நரம்பு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார். டாக்டரம்மா பொறுமையாகப் படித்து, “இதுல எதுவும் உங்களைக் குணப்படுத்தாது. மீன், காய், பழம் நல்லாச் சாப்பிடுங்க. உப்பைக் குறைங்க. சிகரெட்டை விடுங்க. நடங்க. தூங்குங்க. ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க” என்றார். “அவ்வளவுதானா?” என்று இவர் கேட்க, “ஒட்டகத்தை விட்டுடுங்க” என்றாராம்.

சிகரெட்டை விட்டார். கல்லாவுக்குப் பின்னால் இடது காலில் மட்டும் நின்றபடி பூங்கொத்துக் கட்டுவார். சமநிலைக்கான பயிற்சி அது. புதிதாக வருகிறவர்கள் மரியாதைக்குத் தாங்களும் ஒரு காலைத் தூக்கிக்கொள்வது உண்டு. மதியம் ஒன்றரைக்குக் குளிர் அறைக்குள் நாற்காலி போட்டு, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் கண் அயர்வார். சூடு ஏறினால் அவருக்குக் கால் பின்னும், பார்வை மங்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், லில்லிகளுக்கு நடுவில் அவர் தூங்குவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு குழந்தை அவருக்கு என்ன விலை என்று கேட்டதாம்.

இப்படிக் கடிகாரம் பார்த்து வாழ்கிற மனிதர் ஒரு தடவை வழுக்கினார். “ரெண்டு வருஷமா ஒரு தொந்தரவும் இல்ல. மாப்பிள்ளை ஊருக்குப் போயிட்டார்னு நெனச்சேன்” என்று இரண்டு மாதம் ஊசியை நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தால், இடது கால் கூட வரவில்லை. இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. வெளியே வரும்போது, அங்கே வழக்கமாக நடக்கவைத்துப் பார்க்கிற இருபத்தைந்து அடியைக் கடக்கப் பதினோரு விநாடி ஆயிற்று.

அவருடைய அக்கா வெளியூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னார்: “கடையை மூடு. என் வீட்டு மாடி ரூம் காலியா இருக்கு.” அந்த மாடி அறைக்குக் கீழேதான் அத்தான், செய்தித்தாளை முதல் பக்கம் தொடங்கி ஏல அறிவிப்பு வரைக்கும் உரக்கப் படிப்பார். பூக்கடைக்காரர் கெஞ்சினார், முரண்டு பிடித்தார், ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்தார். முடிவில் ஓர் ஒப்பந்தம். “ஒரு வருஷம் தரேன்,” என்றார் அக்கா. “அடுத்த பரிசோதனையில அந்த இருபத்தஞ்சு அடியை எட்டு செகண்டுல நடந்தா கடை உனக்கு. தாண்டுச்சுன்னா சாவியைக் குடு, பெட்டியைக் கட்டு.”

அந்த வருடம் அவர் ஓர் ஊசிகூடத் தவறவிடவில்லை. தினமும் காலையில் வெயில் ஏறுமுன் தெருக்கோடி வரை நடந்தார். பரிசோதனை நாள் பார்த்து வெயில் தீயாகக் கொளுத்திற்று. வாடகை வண்டியில் போனால் போய்ச் சேருவதற்குள் கால் கஞ்சியாகிவிடும். கடையின் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், அறுபது வயது. தொண்டையின் சத்தத்துக்காக ஹாரன் என்று பெயர். அவர்தான் வழி சொன்னார். “முதலாளி, பூவுக்கு ஏசி போட்ட வேன் நம்மகிட்ட இருக்கு. நீங்க எந்தப் பூவுக்குக் கொறைஞ்சவரு?”

வேனின் பின்பக்கம் அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ஆறு மலர்வளையங்கள் இருந்தன. உட்கார இடமில்லை. பூக்கடைக்காரர் நடுவில் நீட்டிப் படுத்து, பூ நசுங்காமல் இருக்கக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். ஹாரன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தடுப்பில் தட்டி, “இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் பின்கதவைத் திறந்தார். காவலாளி எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“பிணவறை பின்பக்கம்ப்பா,” என்றார் தணிந்த குரலில்.

“இவரு உசுரோட இருக்காரு.”

“அதை டாக்டர் சொல்லட்டும். வண்டியைத் திருப்பு.”

பூக்கடைக்காரர் எழுந்து உட்கார்ந்து, “வணக்கம், எனக்குப் பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட்” என்றார். காவலாளி இரண்டு எட்டுப் பின்னால் போனாரே தவிர, கொள்கையிலிருந்து நகரவில்லை. பூ வண்டிக்கு முன்வாசலில் அனுமதி கிடையாது. அதில் வந்த ஆளுக்கும் அப்படித்தான். சீட்டைக் காட்டினார்கள். சீட்டில் இருக்கிறவரும் இவரும் ஒருவர்தான் என்பதற்குச் சான்று கேட்டார். அதையும் தேடி எடுத்துக் காட்டினார்கள். இந்த வழக்கு நடந்து முடியப் பதினைந்து நிமிடம், அத்தனையும் கொளுத்துகிற வெயிலில். அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது தம்பி தலையெல்லாம் பூவிதழோடு, ஹாரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கால் தரையைத் தேய்க்க ஆரம்பித்திருந்தது.

“என்னடா கோலம் இது?”

“சிக்கனமா வந்தேன், அக்கா.”

நடைகூடத்தில் நர்ஸ் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார். “நீங்க உங்க கணக்கை எழுதிக்கோங்கம்மா. எங்க பந்தயத்துக்கு நான்தான் நடுவர்” என்று அக்கா கைப்பையிலிருந்து ஸ்டாப் வாட்ச்சை எடுத்தார். முப்பது வருட விளையாட்டு விழாக்களில் எந்தப் பிள்ளைக்கும் அரைக்கால் விநாடி சலுகை கொடுக்காத கட்டைவிரல் அது. ஒருமுறை தலைமையாசிரியரின் மகளையே நாலாவதாக அறிவித்தது. அக்கா எல்லைக் கோட்டருகே போய் நின்று, “போ” என்றார்.

பூக்கடைக்காரர் நடந்தார். முதல் பத்தடி ராஜநடை. பதினைந்தில் இடது கால் ஒரு முறை தரையை உரசியது. இருபதில் இரு முறை. முகம் மட்டும், பேரம் பேசுகிற வாடிக்கையாளரிடம் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டே வந்தது. கோட்டுக்கு இன்னும் இரண்டு எட்டு இருக்கும்போது ஸ்டாப் வாட்ச் கீச்சென்றது.

“ஏழு புள்ளி ஒம்பது,” என்றார் அக்கா, கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. நர்ஸ் தன் காகிதத்தில் தலையைப் புதைத்துக்கொண்டார்.

பூக்கடைக்காரர் கோட்டைப் பார்த்தார். தன் பாதத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் இடையில் ஒரு மலர்வளையம் வைக்கலாம்.

“அக்கா, கோடு அங்க இருக்கு.”

“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்டா. மேல டாக்டர் காத்துட்டிருக்காங்க. வா.”

அவர் வரவில்லை. நர்ஸிடம் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கேட்டு வாங்கி, பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். காதோரம் ஒட்டியிருந்த இதழ்கள் வழிந்து சட்டைக் காலரில் தங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டே தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போனார். பிறகு குனிந்து, சொன்ன பேச்சைக் கேட்காத இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, பெருவிரல் கோட்டைத் தொடுகிற மாதிரி நேராக வைத்தார்.